மரம் கொடுத்த விலை

(மாவட்ட நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மிகுபுனைவுக் கதைகளில் வரும் பெருமரங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்தவள் ஒரு மாணவி. நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டிருந்த காலம். மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றாள். நாவல் ஒன்று எழுதத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மரம். அதன் அடியில் ஓர் ஊர், நடுவில் ஓர் ஊர், உச்சியில் ஓர் ஊர். “மேடம், இப்படி ஒரு மரம் இருக்க முடியுமா?” என்று கேட்டாள். தேர்வு நெருங்கிய நேரம். “கதைதானேம்மா, உன் இஷ்டம்போல எழுது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் முகம் வாடியதை அப்போது கவனிக்கவில்லை. பிறகுதான் நினைவுக்கு வந்தது. என்னிடம் அவள் அனுமதி கேட்கவில்லை, தாவரவியல் கேட்டாள். இன்றைய உரை அவளுக்கு அன்றே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

பெருமரக் கற்பனை மனிதர்களுக்குப் புதிதல்ல. விஷ்ணு புராணம் ஒரு நாவல் மரத்தைச் சொல்கிறது. ஜம்புத்வீபம் என்ற பெயர் அந்த மரத்தால் வந்தது; தமிழில் அதையே நாவலந்தீவு என்கிறோம். அந்த மரத்தின் பழங்கள் யானை அளவு. சின்ன வயதில் கேட்டபோது அந்த யானை அளவுப் பழம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது பெரிதாகத் தெரிவது அதற்கு அடுத்த பகுதி. யானை அளவுப் பழம் மலைமேல் விழுந்தால் சிதறும். சிதறினால் சாறு ஓடும். அந்தச் சாறு ஜம்பு என்ற ஆறாகிறது. கரையில் வாழ்பவர்கள் அதைக் குடித்து மூப்பில்லாமல் இருக்கிறார்கள். கரை மண் அந்தச் சாற்றில் ஊறிக் காய்ந்து பொன்னாகிறது. ஒரு பழத்தின் அளவைச் சொன்ன புராணிகர் அதோடு நிற்காமல், அதனால் என்னென்ன நடக்கும் என்று படிப்படியாகத் தொடர்ந்து போயிருக்கிறார்.

வட ஐரோப்பியப் புராணத்தில் வரும் யிக்ட்ரசில் என்ற உலக மரமும் அப்படித்தான். அதன் வேரை ஒரு நாகம் கொறிக்கிறது. இலைகளை மான்கள் மேய்கின்றன. ஒரு பக்கம் உளுத்துக்கொண்டே போகிறது. விதியின் தேவியர் நாள்தோறும் கிணற்று நீரையும் சேற்றையும் ஊற்றி அதைக் காப்பாற்றி வருகிறார்கள். அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: அவ்வளவு பெரிய மரம் சும்மா நிற்காது, நிற்பதற்கு அது பாடுபட வேண்டும்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். மரம் பெரியது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். எதைக் கொடுத்து அவ்வளவு பெரிதானது என்று கேட்கும்போதுதான் அதைச் சுற்றி ஓர் உலகம் முளைக்கிறது. அந்தக் கேள்வியைக் கற்பனைக்குப் போடும் வேலி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது விதையாகவே தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மரம் ஏன் உயர வேண்டும்? இலைக்கு வேண்டியது வெயில். நூறு மீட்டர் ஏறினாலும் சூரியன் கிட்டே வந்துவிடுவதில்லை. புல்லின் மேல் விழும் அதே வெயில்தான் உச்சிக் கிளையிலும் விழுகிறது. ஆக, உயரத்தால் உணவு கூடுவதில்லை. பக்கத்து மரத்தின் நிழலிலிருந்து தப்பிக்கவே மரம் உயர்கிறது. பக்கத்து மரமும் இதே காரணத்துக்காக உயர்கிறது. எல்லோரும் உட்கார்ந்து பார்த்தால் எல்லோருக்கும் தெரியும் கூத்தில் முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டியதாகிறது. காடு என்பது அப்படி எழுந்து நின்ற கூட்டம். வெட்டவெளியில் தனியாக வளரும் மரத்தைப் பாருங்கள். அது பக்கவாட்டில் கிளை விரித்துக் குடையாக நிற்கும். அதே மரம் அடர்ந்த காட்டில் கம்பம்போல நெட்டையாகப் போகும்.

இன்று உலகில் நாம் அறிந்த மிக உயரமான மரம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ரெட்வுட் தேசியப் பூங்காவில் இருக்கிறது. நம் ஊர்ச் செம்மரத்துக்கும் இந்த ரெட்வுட்டுக்கும் உறவில்லை. இது ஊசியிலை மர வகை. 2006ஆம் ஆண்டு கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் இருவரும் கண்டுபிடித்த அந்த மரத்துக்கு ஹைப்பீரியன் என்று பெயர். உயரம் 115 மீட்டருக்கும் மேல். ஆனால் அதைத் தேடிப் போனவர்களால் தூரத்திலிருந்து அடையாளம் காண முடியாது, ஏனென்றால் அதைச் சுற்றி நிற்பவையும் அதே உயரத்துக்குப் போட்டியிடும் மரங்கள். வெப்பமண்டலத்தில் மிக உயரமானதாக 2019இல் அறிவிக்கப்பட்ட மஞ்சள் மெரந்தி மரம், போர்னியோ தீவின் சபா மாநிலத்து டானம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. உயரம் 100.8 மீட்டர். அதுவும் காட்டுக்குள்தான், காற்று அதிகம் தாக்காத இடத்தில்தான் நிற்கிறது.

புல்வெளி நடுவே தன்னந்தனியாக வானளாவி நிற்கும் மரத்தை எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். யாரோடு போட்டியிட்டு அது வளர்ந்தது? ஒருகாலத்தில் அங்கே காடு இருந்திருக்க வேண்டும். மற்றவை எங்கே போயின? வெட்டியவர்கள் யார்? இந்த ஒன்றை மட்டும் ஏன் விட்டார்கள்? பாருங்கள், உயிரியல் கேள்வி ஒன்று கேட்டவுடனேயே வரலாறு வந்துவிட்டது.

அடுத்தது, எவ்வளவு உயரலாம்? கலிலியோ தம் கடைசிப் பெரிய நூலான ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலை வீட்டுக்காவலில் இருந்தபடி எழுதினார். 1638இல் லைடன் நகரில் அது அச்சானது. பொருளின் வலிமையைப் பேசும் இடத்தில் இருநூறு முழ உயரமுள்ள ஓக் மரத்தை எடுத்துக்கொள்கிறார். சாதாரண ஓக்கின் அதே வடிவத்தில் அவ்வளவு பெரிதாக வளர்ந்தால் தன் கிளைகளையே தாங்காது என்கிறார். அதே நூலில் வேறோர் இடத்தில், உறிஞ்சு பம்புகள் பதினெட்டு முழத்துக்கு மேல் தண்ணீரை ஏற்றுவதில்லை என்ற பம்புக்காரர்களின் அனுபவத்தையும் பதிவு செய்கிறார். மரத்தைப் பற்றி அந்தப் பம்பு என்ன சொல்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. ஆனால் மரத்தின் உயரத்துக்குப் பூட்டு இரண்டு: ஒன்று எடை, மற்றொன்று தண்ணீர். இரண்டும் ஒரே நூலில் ஒன்றையொன்று அறியாமல் கிடந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கும்.

எடையை முதலில் பார்ப்போம். ஒரு பொருளை எல்லாப் பக்கமும் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும்; அதைத் தாங்கும் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். ஆகவே உயரமான மரம் குட்டை மரத்தின் பெரிய நகலாக இருக்க முடியாது, கூடுதலாகப் பருத்தாக வேண்டும். எவ்வளவு என்பதை 1881இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் கணக்கிட்டார். உயரத்தை இரட்டித்தால் தண்டின் விட்டம் ஏறத்தாழ 2.8 மடங்காக வேண்டும். அப்படியானால் கட்டையின் கன அளவு பதினாறு மடங்கு.

என் மாணவியின் மரத்துக்கு வருவோம். ஹைப்பீரியனின் தண்டு ஏறத்தாழ 5 மீட்டர் விட்டம். அதே விகிதத்தில் ஒரு கிலோமீட்டர் மரத்துக்கு ஏறத்தாழ 125 மீட்டர் விட்டம் வேண்டும். கட்டை ஐயாயிரம் மடங்குக்கும் மேல். மலைக்க வைக்கும் எண்தான், ஆனால் முடியாதது அல்ல. அப்படி ஒரு கட்டைத் தூண் தன் எடையால் நசுங்கிவிடாது. மரக்கட்டைக்கு அந்த வலிமை உண்டு. புயலையும் இடியையும் பற்றிக் கவலைப்படலாம். ஆனால் எடை என்ற பூட்டு, திறக்க முடியாத பூட்டு இல்லை.

தண்ணீர்தான் கடினமான பூட்டு. வேர் தண்ணீரை மேலே தள்ளிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. இலைத்துளை வழியாக நீர் ஆவியாகிறது. போன நீரின் இடத்தை நிரப்ப அடுத்த நீர்த்துளி இழுபடுகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்பவை. இலையிலிருந்து வேர்வரை சைலம் குழாய்களுக்குள் அறுபடாத நீர்க்கயிறுகள் தொங்குகின்றன; வெயில் அவற்றை மேலிருந்து இழுக்கிறது. அயர்லாந்தின் டிக்சன், ஜோலி இருவரும் 1894இல் சொன்ன இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. பம்பு பத்து மீட்டரில் தோற்றுப்போவது காற்றின் அழுத்தத்தை நம்பியிருப்பதால். மரம் நீரின் ஒட்டுறவை நம்புகிறது.

இந்தக் கயிற்றின் இழுவையை அளக்க ஒரு கருவியைக் கொண்டுவந்தவர் ஷோலாண்டர். 1965இல் வெளியான அந்த ஆய்வுக்காக உயரமான டக்ளஸ் ஃபிர் மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி எடுத்தார்கள். பத்து மீட்டர் உயர்ந்தால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இழுக்க வேண்டும். குழாயின் உராய்வு தனி. ரெட்வுட்டின் உச்சியில் பகலில் இழுவை ஏறத்தாழ 18 வளிமண்டல அழுத்தம். ஜார்ஜ் காக் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் அந்த மரங்களில் ஏறி அளந்து, கண்டதை 2004இல் எழுதினார்கள். கீழ்க்கிளைகளில் இலை தட்டையாக அகன்று இருக்கிறது. உச்சியில் செதிலாகச் சுருங்கியிருக்கிறது. இலை விரிவதற்கு அதன் செல்களில் நீர் நிரம்பிப் புடைக்க வேண்டும். உச்சியில் கயிறு அவ்வளவு இறுக்கமாக இருப்பதால் செல் புடைக்க முடிவதில்லை. மழைக்காட்டின் உச்சாணியில் ஒரு பாலைவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குகளிலிருந்து அவர்கள் கண்ட எல்லை 122 முதல் 130 மீட்டர்.

அப்படியானால் கிலோமீட்டர் மரத்துக்கு வழியே இல்லையா? இங்கேதான் நம் கடற்கரைக்கு வர வேண்டும். பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் அலையாத்தி மரங்களைப் பார்த்திருப்பீர்கள். உயரம் அதிகமில்லை, ஆனால் உப்பு நீரில் வேர் பதித்தவை. கடலளவு உப்புள்ள நீரிலிருந்து நல்ல நீரைப் பிரித்து இழுக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும். நன்னீரில் நிற்கும் மரம் 250 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டுமானால், ஈர்ப்பை எதிர்க்க மட்டும் அதே அளவு இழுக்க வேண்டும். கைக்கெட்டும் உயரத்தில் இலை வைத்திருக்கும் அந்தச் சின்ன மரம், ஹைப்பீரியனையும் மிஞ்சிய இழுவையை ஒவ்வொரு நாளும் சத்தமில்லாமல் செய்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் கால்லிட்ரிஸ் டியூபர்குலேட்டா என்ற ஊசியிலைத் தாவரம் இருக்கிறது. அதன் நீர்க்குழாய்களில் பாதி செயலிழக்க ஏறத்தாழ 185 வளிமண்டல இழுவை தேவைப்பட்டதாக 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஈர்ப்பு கேட்பது நூறுதான்!

எனில் அந்தத் தாவரம் ஏன் வானத்தைத் தொடவில்லை? அவ்வளவு இழுவையைத் தாங்கும் குழாய் நுண்ணியதாக இருக்க வேண்டும், சுவர் தடித்திருக்க வேண்டும். அதில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். சொட்டு நீரில் இலை விரியாது, விரியாத இலை சர்க்கரை செய்யாது, சர்க்கரை இல்லாமல் கட்டை பருக்காது. அந்த மரம் பாலைச் செடியின் வேகத்தில் வளரும். என் மாணவி அப்படி ஒரு மரத்தை எழுதலாம். ஆனால் அதற்கு ஒரு யுகத்தின் வயதைக் கொடுக்க வேண்டும். அதன் கிளையை ஒடித்தவன் தன் வாழ்நாளில் அந்த இடத்தில் ஒரு துளிர்கூட வரக் காணமாட்டான் என்பதையும் எழுத வேண்டும்.

இந்த விலை வேண்டாம் என்றால் வேறு வழிகள் உண்டு. உலகையே மாற்றுவது ஒரு வழி. 1972இல் லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் ஆற்றிய ஒரு சொற்பொழிவில், இயற்பியல் அறிஞர் ஃப்ரீமன் டைசன் வால்மீன்களில் மரம் வளர்ப்பதைப் பேசினார். ஈர்ப்பு மிகக் குறைந்த சின்ன வால்மீனில் நிற்கும் மரம் நூற்றுக்கணக்கான மைல் நீளலாம் என்றார். 1984இல் லாரி நிவென் எழுதிய ‘தி இன்டெக்ரல் ட்ரீஸ்’ நாவலில் தரையே இல்லை. ஒரு நியூட்ரான் விண்மீனைச் சுற்றும் காற்று வளையத்தில் நூறு கிலோமீட்டர் நீள மரங்கள் மிதக்கின்றன. இரு முனையிலும் இலைக்கொத்து. முனைகளில் காற்று எதிரெதிராக வீசுவதால் மரம் கணிதத்தின் தொகையீட்டுக் குறிபோல வளைந்திருக்கிறது. மரத்தின் வடிவத்தை அந்த உலகின் காற்றே செதுக்கியிருப்பதுதான் எனக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்தது. 2009இல் வந்த ‘அவதார்’ படத்தின் பண்டோராவிலும் ஈர்ப்பு பூமியைவிடக் குறைவு. அந்தப் படத்தின் தாவரங்களுக்காகக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்துத் தாவரவியலாளர் ஜோடி ஹோல்டிடம் ஆலோசனை கேட்டார்கள்.

ஆனால் ஈர்ப்பைக் குறைத்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஈர்ப்பு குறைந்த உலகம் தன் காற்றை எப்படிப் பிடித்துவைத்திருக்கிறது? சனிக் கோளின் துணைக்கோள் டைட்டனில் ஈர்ப்பு நம்மில் ஏழில் ஒரு பங்குதான். காற்றழுத்தமோ நம்மைவிட ஒன்றரை மடங்கு. கடுங்குளிரால் அந்தக் காற்று தப்பிப் போகாமல் இருக்கிறது. குளிரில் தண்ணீர் பாறையாகிவிடும். பாறையை மரம் எப்படிக் குடிக்கும்? ஒரு முடிச்சை அவிழ்த்தால் இன்னொன்று இறுகுகிறது. அப்படி இறுகும் உலகத்தைத்தான் வாசகர் நம்புவார்.

இரண்டாவது வழி, உயரத்தை விட்டுவிட்டு அகலத்தைத் தேடுவது. இதில் ஆலமரத்துக்கு இணை எதுவும் இல்லை. கிளை நீண்டால் அதன் எடையைத் தண்டுதான் தாங்க வேண்டும் என்பது மற்ற மரங்களின் தலைவிதி. ஆலமரம் கிளையிலிருந்து விழுது இறக்குகிறது. விழுது மண்ணைத் தொட்டுப் பருத்துத் தூணாகிறது. அந்தக் கிளை அங்கிருந்தே தண்ணீர் குடிக்கிறது, அங்கிருந்தே மேலும் நீள்கிறது. எடை, தண்ணீர் என்ற இரண்டு பூட்டையும் ஒரே சாவியால் திறந்துவிடுகிறது. ஹௌராவின் தாவரவியல் பூங்காவில் இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் பூஞ்சையால் கெட்டுப்போனதால் 1925இல் அதை அகற்றினார்கள். மரம் இன்றும் ஆயிரக்கணக்கான விழுதுகள்மேல் பரவிக்கொண்டிருக்கிறது. சென்னை அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் காற்றில் சாய்ந்தது. அதன் பிறகு ஒருமுறை அங்கே போயிருந்தேன். நடுவில் வெறுமையாக இருந்தது. சுற்றிலும் விழுதுகள் மரங்களாக நின்றன. தாய் எது, பிள்ளை எது என்று கேட்பதே அங்கே பொருளில்லாமல் போனது.

பிரையன் ஆல்டிஸ் 1962இல் வெளியிட்ட ‘ஹாட்ஹவுஸ்’ நாவலில் பூமி சுழற்சியை நிறுத்தியிருக்கிறது. எப்போதும் பகலாகவே இருக்கும் பக்கத்துக் கண்டத்தில் ஒரே ஆலமரம். கண்டம் முழுவதையும் மூடிய அந்த மரத்தின் கிளைகளில் சிறுத்துப்போன மனித இனம் ஒளிந்து வாழ்கிறது. அறிவியலாளர்கள் குறை சொல்லக்கூடிய இடங்கள் அந்த நாவலில் பல. ஆனால் கண்டத்தை மூட அவர் தேர்ந்தெடுத்த மரம் சரியான மரம். முடிவில்லாமல் பரவ உயிரியல் வைத்திருக்கும் வழி அதுதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பாண்டோ என்று அழைக்கப்படும் ஆஸ்பென் தோப்பு 43 ஹெக்டேரில் பரவியிருக்கிறது. பார்ப்பதற்கு ஆயிரமாயிரம் மரங்கள். வேரில் ஒரே உயிர். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் கடற்புல் ஒன்று 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே செடியாகப் படர்ந்திருப்பதை 2022இல் கண்டார்கள்.

அகலத்துக்கும் விலை உண்டா? உண்டு. ஒரே உயிர் என்றால் ஒரே உடல்வாகு. ஒரு நோய்க்கு ஒரு விழுது பலியானால் எல்லா விழுதும் அதே நோய்க்கு இடம் கொடுக்கும். கண்டத்தை மூடிய மரத்துக்குத் துணையாக நிற்க இன்னொரு மரம் இல்லை.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீரைக் கீழிருந்து மட்டும் ஏன் கொண்டுவர வேண்டும்? கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காடுகளுக்குக் கோடையில் மழை இல்லை. கடலிலிருந்து மூடுபனி வருகிறது. டாட் டாசன் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி அந்தக் காட்டுக்குக் கிடைத்த நீரில் மூன்றில் ஒரு பங்கு மூடுபனி தந்தது. அந்த இலைகள் பனிநீரை நேரடியாகவே உறிஞ்சவும் செய்கின்றன. கிளைக் கவட்டையில் சருகு மட்கி மண்ணாகிறது. அந்த மண்ணில் பெரணி வளர்கிறது, புதர் வளர்கிறது. தரையையே பார்க்காமல் வாழக்கூடிய சாலமாண்டர்கள்கூட அங்கே இருக்கின்றன. நளினி நட்கர்னி என்ற ஆய்வாளர் வாஷிங்டன் மாநிலத்து மழைக்காட்டில் மரங்களில் ஏறிப் பாசி மெத்தையை விலக்கிப் பார்த்தபோது, மேப்பிள் மரம் தன் கிளையிலிருந்தே வேர்விட்டு அந்த உச்சி மண்ணில் உணவு தேடிக்கொண்டிருந்தது. 1981இல் அதை உலகுக்குச் சொன்னார். தன் தோளில் சேர்ந்த மண்ணில் தானே வேரூன்றிக்கொள்ளும் மரம்!

இதை ஓர் அடி முன்னே கொண்டுபோங்கள். கிலோமீட்டர் மரம் நூறு மீட்டருக்கு ஒரு முறை கிளைத்தளம் விரிக்கிறது. தளத்தில் மண், மண்ணுக்கு நடுவே மழைநீர் தேங்கும் பொந்து, அதற்குள் கிளைவேர்கள். ஒவ்வொரு தளமும் தன் தண்ணீரைத் தானே குடிக்கிறது. எந்தத் துளியும் நூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டியதில்லை. இன்று பூமியில் அப்படி ஒரு மரம் இல்லை. ஆனால் அதன் ஒவ்வோர் உறுப்பும் எங்கோ ஒரு காட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறது. மிகுபுனைவு எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பட்டறை கிடையாது. அந்த மரம் கொடுக்கும் விலை என்ன? மேகம். மேகம் தவறினால் உச்சித் தளம் முதலில் காயும்.

மிகுபுனைவில் மரங்கள் நடக்கவும் செய்யும்; அதனால் நகரும் தாவரங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மடகாஸ்கரில் மனிதரைத் தின்னும் மரம் இருப்பதாக 1874இல் ஒரு நியூயார்க் செய்தித்தாள் எழுதியது. அது கட்டுக்கதை. வீனஸ் பூச்சிபிடிச் செடி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இலையை மூடிவிடும், உண்மைதான். ஆனால் செடிக்குத் தசை இல்லை. அது பெரும்பாலும் நீரை நகர்த்தித்தான் அசைகிறது. திசு இரு மடங்கு தடித்தால் நீர் ஊடுருவ நான்கு மடங்கு நேரமாகும் என்பதை 2005இல் ஸ்கோத்தைம், மகாதேவன் என்ற இருவர் தெளிவாக்கினார்கள். ஆகவே பெருமரம் நடந்தால் மெதுவாகத்தான் நடக்கும். அதற்குக் கோபம் வந்தால்கூட அது தெரிய நமக்கு ஒரு பருவகாலம் ஆகும். என்னைக் கேட்டால் அதுதான் கூடுதல் அச்சம் தருவது.

நிறைவாக என் மாணவியின் மூன்று ஊர்களுக்கு வருகிறேன். 125 மீட்டர் விட்டமுள்ள தண்டில் உயிருள்ள பகுதி எவ்வளவு? பட்டைக்கு உட்புறம் ஒரு மெல்லிய அடுக்கு, அதையொட்டித் தண்ணீர் ஏற்றும் வெளிறு. உள்ளே இருப்பதெல்லாம் வைரம். வைரம் பாய்ந்த கட்டை என்று நாம் பெருமையாகச் சொல்வது மரத்தின் இறந்த பகுதியை. அதைக் குடைந்து ஊர் அமைத்தாலும் மரம் சாகாது. ஆகவே ஊர்கள் மரத்தின் உள்ளே இருக்கட்டும். முன்னோர் இறந்த கட்டைக்குள் பிள்ளைகள் வாழட்டும்.

மரம் நுனியில்தான் உயரும். தண்டில் அடித்த ஆணி எத்தனை ஆண்டானாலும் அதே உயரத்தில் இருக்கும். ஆகவே நடு ஊர் என்றைக்கும் நடு ஊராக இருக்காது. மரம் உயர உயர அது கீழ் ஊராகிக்கொண்டே போகும். தண்டு பருப்பது நிற்காது. பட்டை வளர்ந்து ஆணியை விழுங்குவதுபோல ஊரின் வாசலையும் விழுங்கப் பார்க்கும். ஒவ்வொரு தலைமுறையும் தன் வாசலை மறுபடி வெட்டித் திறக்க வேண்டும்.

அப்படி வெட்டும்போது அந்த ஊர்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருக்கும். இலை செய்த சர்க்கரை பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்டைச் சுற்றி ஒரு முழு வளையம் பட்டையை உரித்தால் வேர் பட்டினியில் சாகும், பிறகு மரமும் சாகும். அதனால் எத்தனை வாசல் வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு வாசல் இன்னொரு வாசலைத் தொடக்கூடாது. ஊர் பெருகப் பெருக வாசல்களுக்கு நடுவில் இருக்கும் பட்டைக்காகச் சண்டை வரும். மேகம் தவறிய ஆண்டில் உச்சி ஊர்க்காரர்கள் தண்ணீர் கேட்டுக் கீழே இறங்குவார்கள். அவர்களுக்கும் வாசல் வேண்டும். இடம் கொடுத்தால் வளையம் மூடிக்கொள்ளும். கொடுக்காவிட்டால் அவர்கள் வெளியே நிற்பார்கள்.

அந்தப் பெண் அந்த நாவலை முடித்தாளா என்று எனக்குத் தெரியாது. எழுதாமல் விட்டிருந்தால் அதில் என் பங்கும் உண்டு. இந்த உரை அச்சாகி அவள் கண்ணில் பட்டால் இதைத்தான் சொல்வேன்: உன் மரம் இருக்க முடியும் அம்மா. அடி ஊர்க்காரர்கள் வாசலை அகலப்படுத்த உளியை எடுக்கிறார்கள், உச்சியிலிருந்து தாகத்தோடு ஒரு கூட்டம் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து தொடங்கு.